அந்த ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட்டது கோமதி

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது நேற்று நம் குடும்பக் குழுவில் நீ போட்ட குரல் பதிவைக் கேட்டபோதே தெரிந்தது. கோமதிக்கும் பிள்ளைக்கும் அடுத்த வாரம் டிக்கெட் போட்டுவிட்டாயாம். திருவனந்தபுரம் வரை கொண்டுபோய் நான் ஏற்றிவிட்டால் போதுமாம். அதோடு நிறுத்தியிருந்தால் போனில் உன்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். "எம்மா அன்னைக்கு சும்மா பதறிட்டா. ஒண்ணுமில்லாததுக்கு மாசமா இருக்கவளக் கொண்டு மெஷினுக்குள்ள போட்டுட்டா. இனி நானே வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்று ஸ்ரீவைகுண்டம் சித்தப்பாவில் ஆரம்பித்து உன் மதினி வரைக்கும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாய். எல்லோரும் கேட்கச் சொன்னதற்குத் தனியாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இதை எழுதி முடித்து முதலில் கோமதிக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் வேண்டாம் என்கிற வரியை எடுத்துவிட்டு மிச்சத்தை அதே குழுவில் போடுவேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

கத்தாரில் உனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். கேஸ் பிளான்டில் பாதுகாப்பு அதிகாரி. தலையில் தொப்பி இல்லாமல் ஒருவன் உள்ளே காலெடுத்து வைத்தால் மொத்த வேலையையும் நிறுத்தும் அதிகாரம் உனக்கு உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஊர் பேர் தெரியாத ஒரு வெல்டரின் தலைக்கு அத்தனை கவலைப்படுகிற நீ, கட்டிய மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது "எல்லாருக்கும் வாரதுதான், எளநி குடி" என்றாய். அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உள்ளே எரிகிறது.

கோமதிக்கு அப்போது ஏழாவது மாதம். தலைவலி என்றால் நமக்கெல்லாம் வந்துபோகிற தலைவலி அல்ல. குனிந்தால் கூடும், படுத்தால் கூடும். விடிந்ததும் வாந்தி. டிவி பார்க்கிறபோது எழுத்து மங்குகிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பார்க்கிற அந்த அம்மா டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். பிரஷர் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு, "இதுக்கும் கேக்கலைன்னா தலைக்கு எம்.ஆர்.ஐ. பாத்துடணும், தள்ளிப்போடாதீங்க" என்று சொன்னார். மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஆனால் கோமதி உன்னைக் கேட்காமல் போகமாட்டேன் என்றாள். நீ வீடியோவில் வந்து, அந்த ஸ்கேனுக்கு ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவார்கள், அது வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், உன் கூட வேலை பார்க்கிறவன் ஒரு கட்டுரையே அனுப்பியிருக்கிறான் என்றாய். அந்த அம்மா டாக்டருக்கே போன் போட்டுச் சத்தம் போட்டாய். நீ சொன்னதில் பாதி உண்மை. மாசமாக இருக்கிறவளுக்கு அந்த மருந்தை, தவிர்க்கவே முடியாது என்றால் ஒழிய, போடமாட்டார்கள். மீதிப் பாதியைத்தான் அந்த அம்மா சொல்ல வாயெடுத்தார். மருந்தே ஏற்றாமலும் தலையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கலாம் என்பதை. நீ அதற்குள் போனை வைத்துவிட்டாய். படித்த பிள்ளை, பாதி கேட்டுவிட்டுப் போனை வைக்கக் கூடாது என்று தெரியவேண்டாமா?

ஸ்கேனுக்குப் போவோம் என்று நான் மறுபடி கூப்பிட்டபோது கோமதி என்ன சொன்னாள் தெரியுமா? "அவிய வேண்டாம்னு சொல்லுதாவ அத்தே. பிள்ளைக்கு எதுவும் ஆயிட்டுன்னா என்னையத்தான் சொல்லுவாவ." வலியில் கண்ணைத் திறக்க முடியாதவள் உனக்குப் பயந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எட்டாம் வகுப்பு முழுவதையும் ஒரு பார்வையில் அடக்கி வைத்தவள். அவளை இப்படிப் பயப்பட வைத்தது யார்? நான் வளர்த்த பிள்ளை.

அப்புறம் அந்தக் காலை. இதை உனக்கு நான் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை. அவள் தோசைக்கல் முன்னால் நின்றாள். நான் வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளே வந்தேன். மாவு கல்லில் விழாமல் அடுப்புக்கு வெளியே தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. கரண்டி பிடித்திருந்த வலது கை தொங்கிப்போய்விட்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. என்னளா இது என்றேன். திரும்பிப் பார்த்து என்னமோ சொன்னாள். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. "சாவி" என்றாள். மறுபடியும் "சாவி" என்றாள். தான் சொல்வது தப்பு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததால் அவள் கண்ணில் வந்த பயத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். உனக்குப் போன் பண்ணவில்லை. அது என் தவறு என்று நீ சொல்கிறாய். தவறே இல்லை. இன்னொரு தடவை நடந்தாலும் பண்ணமாட்டேன்.

நம் மில்லர்புரம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி என்ன தூரம்? அன்றைக்கென்று மூணாம் கேட் அடைத்துக் கிடந்தது. சரக்கு ரயில் நிலக்கரியை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போனது. கோமதி என் தோளில் சாய்ந்து இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் இறங்கிப் போய் கேட் கீப்பரிடம் கத்தினார். ரயில் போகிறவரை யார் என்ன செய்ய முடியும்?

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் வந்து பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், பேனாவைக் காட்டிப் பெயர் கேட்டார், கண்ணுக்குள் விளக்கு அடித்தார். தலையிலிருந்து ரத்தம் திரும்பி இறங்குகிற குழாயில் கட்டி விழுந்து அடைத்திருக்கலாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வரக்கூடியதுதான், உடனே படம் எடுக்கவேண்டும், பிள்ளை வயிற்றில் இருப்பதால் நீ பயந்த அந்த கான்ட்ராஸ்ட் மருந்து எதுவும் ஏற்றாமல் எடுக்கலாம் என்றார். நான் சரி என்று சொல்வதற்குள் அங்கே வேலை பார்க்கிற ஒரு பையன் காகிதத்தை நீட்டி, வீட்டுக்காரர் எங்கே, அவர் கையெழுத்து வேண்டும் என்றான். வெளிநாட்டில் இருக்கிறார் என்றதும் நம்பரை வாங்கி அவனே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நீ அன்றைக்குச் சொன்னதை நானே இங்கே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். "என் சம்மதம் இல்லாம என் பொண்டாட்டிய அந்த மெஷின்ல ஏத்துனா கோர்ட்டுக்கு இழுத்துருவேன். பிள்ளைக்கு எதுவும் ஆச்சுன்னா ஒருத்தனையும் விடமாட்டேன்." அதைக் கேட்டு அந்தப் பையன் காகிதத்தை மடித்துக்கொண்டு பெரியவர்களைக் கேட்டு வருகிறேன் என்று நகர்ந்தான். கோமதி ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுதான் வரவில்லை. காது நன்றாகத்தான் கேட்டது.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். சரக்கு இறக்க யார் கையெழுத்து வேண்டும், யாருடையது வேண்டாம் என்று எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்த நரம்பு டாக்டரைப் போய்ப் பிடித்தேன். "தலை யாருக்கு சார் வலிக்கி? அவளுக்கா, கத்தார்ல இருக்கவனுக்கா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பையனிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே கோமதியிடம் போனார். குனிந்து மெதுவாகப் பேசினார். என்ன வியாதி என்று சந்தேகப்படுகிறார், படம் எப்படி எடுப்பார்கள், பிள்ளைக்கு ஏன் பயமில்லை, எடுக்காவிட்டால் என்ன ஆகலாம், எல்லாம் சொன்னார். புரிந்ததா என்று பார்க்க மாற்றி மாற்றிக் கேட்டார். எடுக்காமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எடுக்கலாமா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். அப்புறம் அவள் சரி என்று தலையசைத்து, இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். வலது கைக்காரி, இடது கையால் கோமதி என்று எழுதினாள். கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி. அவ்வளவுதான் சட்டத்துக்கு வேண்டியது என்றார் டாக்டர். வயது வந்தவள், புரிந்துகொள்கிறாள், சம்மதிக்கிறாள்.

ஆகவே நன்றாகத் தெரிந்துகொள். நான் அவளை மெஷினுக்குள் போடவில்லை. அவளே போனாள். நீ இத்தனை மாதமாக என்மேல் வைத்திருக்கிற கோபம் முகவரி தப்பி வந்திருக்கிறது. அவளிடம் கோபப்பட உனக்கு வாய் வராததால் என்னிடம் காட்டுகிறாய்.

உன் அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பையன் கையிலிருந்த போனைப் பிடுங்கி எறிந்திருப்பார். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். நீ அப்போது சின்னப் பிள்ளை, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ கொடுத்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தாய். காகிதத்தை அப்பாவிடம்தான் நீட்டினார்கள். ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர், கிரீஸ் போகாத கை. வாங்கின கையோடு என்னிடம் தந்துவிட்டு, "வயிறு ஒனக்குள்ளது. நீ படிச்சுப் பாத்து சொல்லு" என்றார். நான் படித்து முடிக்கிறவரை நர்ஸ் அவசரப்படுத்தியும் அசையவில்லை. அந்த மனுசனுக்குப் பிறந்தவன்தானா நீ என்று ஆஸ்பத்திரியில் நிற்கும்போது எனக்குத் தோன்றியது. எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

தாலியைப் பற்றியும் நீ கேட்டாயாம், உன் மதினி வழியாக. ஆமாம், கழற்றினோம். அது பெரிய காந்தம். உடம்பில் ஒரு ஹேர்ப்பின்கூட இருக்கக் கூடாது. வளையல், மெட்டி, தோடு எல்லாம் கழற்றினாள். தாலிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த அறையிலிருந்த பெண் மஞ்சள் கயிறு தரட்டுமா என்று கேட்டாள். நான்தான் கொக்கியை எடுத்துவிட்டேன். அதில் என்ன கெட்டுப்போனது? நீ உயிரோடுதான் இருக்கிறாய். அவளும் உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்குத்தான் கழற்றினேன்.

என் நகையையும் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே உள்ளே உட்கார அனுமதித்தார்கள். வயிறு முதுகோரத்துப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தாமல் இருக்க ஒரு பக்க இடுப்புக்குக் கீழே தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்கப்போட்டார்கள். காதில் பஞ்சு அடைத்தார்கள். மெஷின் சத்தம் கப்பல் தளத்தில் துருத் தட்டுகிற மாதிரி இருந்தது. தலை உள்ளே, கால் வெளியே. நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை உள்ளே புரண்டது. வயிற்றின் மேலிருந்த துணி அசைந்ததை நானே பார்த்தேன். அவள் தலையை அசைக்கவே இல்லை. அசைந்தால் படம் கெடும் என்று சொல்லியிருந்தார்கள். தலையைப் பிளக்கிற வலியோடு ஒருத்தி அசையாமல் கிடந்தாள், ஏலே. நீயென்றால் கிடந்திருப்பாயா?

படத்தை டாக்டர் எங்களுக்குக் காட்டினார். "ஓடுற ரத்தமே நமக்கு அந்த ஊசி மருந்து மாதிரி. அசையாம இருக்கிற சதையை மெஷின் இருட்டாக்கிடும். புதுசா உள்ள வர்ற ரத்தம் மட்டும் வெள்ளையாத் தெரியும்" என்றார். கறுப்பில் வெள்ளையாக வலதுபக்கக் குழாய் வளைந்து இறங்கியது. இடதுபக்கம் ஒன்றுமே இல்லை. நடு உச்சியிலிருந்து வருகிற பெரிய குழாயும் பாதியில் நின்றுபோயிருந்தது. அவர் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிடவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கக் குழாய் சிறுத்திருக்கும், மெதுவாக ஓடுகிற ரத்தமும் சில சமயம் தெரியாமல் போகும், அதனால் வேறு மாதிரியும் எடுத்துப் பார்த்தோம், கட்டி இருப்பது நிச்சயம், பக்கத்தில் மூளையும் வீங்கியிருக்கிறது என்றார். அன்றைக்கே வயிற்றுத் தோலில் ஊசி ஆரம்பித்தார்கள். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற ஊசி. பிள்ளையிடம் போகாத மருந்து. சாயங்காலம் வார்டில் அவளுக்கு வலிப்பு வந்தது. கட்டில் ஆடியது. நர்ஸுகள் ஓடிவந்து ஊசி போட்டு நிறுத்தினார்கள். நீ சொன்னபடி கேட்டிருந்தால் அந்த வலிப்பு நம் வீட்டு அடுப்படியில் வந்திருக்கும். உனக்கு இன்றைக்கு டிக்கெட் போட ஆள் இருந்திருக்காது. இதைத்தான் நீ ஒன்றுமில்லாதது என்கிறாய்.

அன்று நீ கூப்பிட்டபோது முதலில் கேட்டது "பிள்ளைக்கு ஒண்ணுமில்லல்லா?" நான் ஒண்ணுமில்லை என்றேன். நல்லாப் பாத்தாங்களா, துடிப்பு இருக்கா என்றாய். இருக்கு என்றேன். போனை வைத்துவிட்டாய். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உனக்கு ஞாபகம் வந்து கோமதி எப்படி இருக்கிறாள் என்று எழுத்தில் கேட்டாய். அவளைக் காப்பாற்றாமல் அந்தப் பிள்ளையை யார் காப்பாற்ற முடியும்? அவள் என்ன, பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற கண்டெய்னரா?

அவளுடைய அப்பா ஆத்தூரிலிருந்து, கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே, சேறு காயாத காலோடு வந்து நின்றார். அவரிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் உன்னைக் குறை சொல்லவில்லை. மகளுக்கு ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே இருந்தார். டம்ளர், ஜன்னல், சீப்பு. சொல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பிரசவம் வரைக்கும் ஊசி, பிரசவத்துக்காக நிறுத்தி, பிறகு மாத்திரை. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். நீ வந்தாய், பெயர் வைத்தாய், போட்டோ எடுத்தாய். கோமதி வலது கையால் பிள்ளையின் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் திணறியதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு "சீக்கிரம் போடு, எல்லாரும் காத்துட்டு இருக்காங்க" என்றாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்காக வாயை அடக்கினேன். இனி அடக்கமாட்டேன்.

இப்போது இந்த டிக்கெட். மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது விமானம் ஏறலாம் என்பதை மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் சொன்னதை அவளே உன்னிடம் முன்பே சொன்னாள். "இங்க வந்து பாத்துக்கிடலாம்" என்றாய்.  இந்த வாரம் அவளாகவே ஆட்டோ பிடித்து ஸ்கேனுக்குப் போனாள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே இருந்தேன். கையெழுத்தை வலது கையால் போட்டாள். பழைய கையெழுத்து அளவுக்கு இல்லை, ஆனால் வாசிக்க முடிந்தது. இந்தத் தடவையும் மருந்து ஏற்றாமல்தான் எடுத்தார்கள். நடு உச்சிக் குழாய் முழுக்கத் திறந்துவிட்டது. இடதுபக்கம் மெல்லிசாக ஒரு வெள்ளை நூல் மாதிரி ரத்தம் ஓட ஆரம்பித்திருக்கிறது. இன்னும் சில மாதம் மாத்திரை வேண்டும், நீண்ட பயணத்தை இப்போதைக்குத் தள்ளிப்போட்டால் நல்லது, போயே ஆகவேண்டும் என்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன், முடிவு உங்களுடையது என்றார் டாக்டர்.

நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. புத்தி சொல்லிக் கேட்கிற வயதை நீ தாண்டிவிட்டாய். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருத்தியை வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் அவளைக் கேட்காமல் டிக்கெட் போடுவதில்லை. நீ இப்படியே இருந்தால் கோமதியும் பிள்ளையும் இந்த வீட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம். உனக்காக அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புகிற மாமியார் வேலையை நான் பார்க்கமாட்டேன். ஊர் என்ன சொன்னாலும் சரி.

இவ்வளவையும் இப்போது கோமதிக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா பேரை இழுத்த அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்றாள். ஏன் என்றேன். "அவியளுக்கு வலிக்கும்" என்றாள். எடுக்கமாட்டேன், வலிக்கட்டும் என்றேன். இந்த ஒன்றில் மட்டும் நான் சொன்ன சொல்லை மீறுகிறேன். அதற்கு அவள் என்மேல் கோபப்பட்டால் அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

டிக்கெட்டுக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள். "இப்ப வரலன்னு எழுதாதீங்க அத்தே. நானே பேசுதேன்" என்றாள். நாளை வெள்ளிக்கிழமை, உனக்கு லீவு. காலையில் கூப்பிடுவாள். போனை எடு. அவளுக்குச் சில சொற்கள் வர இன்னும் கொஞ்சம் நேரமாகிறது. நடுவில் நின்றுவிடுவாள், தேடுவாள். அந்தச் சொல் இதுதானே என்று நீ எடுத்துக் கொடுக்காதே. அவள் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திரு.

அம்மா